மங்கலத்தம்மா கை

என் பட்டறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, "மேஸ்திரி இல்லீங்களா?" என்பதுதான். கடலூர் முதுநகரில், சிதம்பரம் போகும் சாலையோரம் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வாசலில் 'ஜான்சி சிற்பக் கூடம்' என்று ஆளுயரத்துக்குப் பலகை மாட்டியிருக்கிறேன். கை முழுக்கக் களிமண், தலையில் சிமெண்டுத் தூசி, புடவைக்கு மேல் என் வீட்டுக்காரரின் பழைய சட்டை என்று நான்தான் எதிரில் நிற்கிறேன். அப்படியும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத்தான் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். களிமண்ணுக்கும் சாணிக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் சும்மா வந்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் போதும், வருகிறவர்கள் அவரைக் கும்பிட்டு, அப்பாவின் மூக்கைக் கொஞ்சம் எடுப்பாக வையுங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் எழுந்து நின்று கும்பிட்டு, சரி என்பார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் புவனகிரிப் பக்கம் வாழ்ந்து செத்துப்போன மங்கலம் என்ற கல்தச்சியின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போது என் குரலில் எரிச்சல் ஜாஸ்தியாகத் தெரிந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

போன ஆடி மாதம் சிதம்பரத்திலிருந்து இளவரசு என்பவர் காரில் வந்து இறங்கினார். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, பேச்சில் மரியாதை உண்டு. மேஸ்திரி இல்லையா என்று கேட்டார். நான்தான் என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பரவாயில்லை என்று உட்கார்ந்தார்.

அவருக்கு ஒரே மகள், அனுப்பிரியா. பேங்கில் வேலை. மூன்று இடத்தில் பேசிக் கைகூடி வந்து, மூன்றும் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருக்கிறது. ஜோசியர் பார்த்துவிட்டு, வீட்டுப் பூவாடைக்காரி கோபமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டாராம். இந்தப் பக்கத்தில் இது பெரிய வழக்கம். புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்ணைக் குடும்பம் தெய்வமாக வைத்துக்கொள்ளும். கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுப் புடவையும் மஞ்சளும் வைத்துப் படைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. நான் கிறிஸ்தவச்சிதான், ஆனாலும் இதுவரை ஒன்பது பூவாடைக்காரிகளுக்குச் சிலை செய்திருக்கிறேன். இளவரசு வீட்டுப் பூவாடைக்காரிதான் மங்கலம். அவருடைய கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவள். இத்தனை வருஷம் வெறும் செம்பில் நூல் சுற்றி வைத்துக் கும்பிட்டுவந்தார்கள். இப்போது புவனகிரியைத் தாண்டி வெள்ளாற்றங்கரையில் இருக்கும் சொந்த நிலத்தில் சின்னதாகக் கோயில் கட்டிவிட்டார். தை மாதத்துக்குள் சிமெண்டில் ஆள் அளவுக்குச் சிலை வேண்டும் என்றார்.

முகம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் போட்டோ ஏது. செல்போனை எடுத்து ஒரு நகைக்கடை விளம்பரத்தைக் காட்டினார். அதில் இருந்த பெண் பட்டுப்புடவையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் விளக்குத் தட்டு. இந்த மாதிரி லட்சணமாக வேண்டும் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தம்மா என்ன வேலை செய்தார்கள், எப்படிப்பட்டவர்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் சொன்னது முக்கால்வாசி சடையப்பனைப் பற்றித்தான். சடையப்ப ஆசாரி மங்கலத்தின் புருஷன், பெரிய கல்தச்சர். அந்த ஊர் அம்மன் கோயில் மண்டபத்தின் பதினாறு தூணும் அவர் கைவேலை என்றார். மங்கலம் பதிமூன்று வயதில் வாக்கப்பட்டு வந்தவள். மூன்று பிள்ளை பெற்று ஒன்று தங்கியது. மண்டப வேலை தொடங்கிய வருஷமே சடையப்பனுக்குக் கல்சில் கண்ணில் தெறித்துவிட்டது. வைத்தியம் பார்க்கப் போய் மற்ற கண்ணும் மங்கிப்போனது. இதைச் சொல்லும்போது இளவரசுக்குக் குரல் தழுதழுத்தது.

"கண்ணு அவிஞ்ச பொறவும் வேல நிக்கல மேடம். சுத்திக் கீத்துத் தட்டி கட்டிக்கினு, உள்ள உக்காந்து தடவித் தடவியே செதுக்கியிருக்காரு. யாரும் உள்ள போவக் கூடாது. எங்க மங்கலத்தம்மா மட்டும் சோறு எடுத்துக்கினு காலைல போவாங்க, பொழுது சாஞ்சிதான் வருவாங்க."

சோறு போட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பதிவிரதைம்மா, புருஷன் பக்கத்திலேயே இருப்பார்கள் என்றார். சரி, எப்படி இறந்தார்கள் என்றேன். முப்பத்தேழு வயதில், இருமி இருமி. கடைசி இரண்டு வருஷம் படுக்கக்கூட முடியாதாம், உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவார்களாம். சடையப்பன் எத்தனை வயது இருந்தார் என்றேன். எண்பதைத் தாண்டி, கடைசிவரை சளி என்று ஒருநாள் படுத்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் சிற்பம் படித்தபோது இரண்டு வருஷம் கல்லில் வேலை செய்திருக்கிறேன். கல்தூசி நெஞ்சில் படிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வயதான கல்தச்சர்கள் எப்படி உட்கார்ந்தே தூங்குவார்கள் என்று பார்த்திருக்கிறேன். பதினாறு தூண் செதுக்கியவனுக்கு இருமலே வரவில்லை. சோறு எடுத்துப் போனவள் இருமிச் செத்தாள். ஐந்து தலைமுறையாக இந்தக் குடும்பம் இந்தக் கதையைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிறது. ஒருத்தருக்காவது ஒரு நிமிஷம் நின்று யோசிக்கத் தோன்றவில்லை. குருடன் தடவித் தடவித் தூண் செதுக்கினான் என்பதை நம்புவார்கள். பெண்டாட்டி செதுக்கினாள் என்பது மட்டும் நம்ப முடியாத சங்கதி.

அவர் போன பிறகு களிமண் பிசைந்தேன்; முதலில் களிமண்ணில் செய்து, பிறகுதான் அச்செடுத்துச் சிமெண்டில் வார்க்க வேண்டும். நகைக்கடைப் பெண்ணை ஒதுக்கிவிட்டு, கல் வேலை செய்கிற ஒருத்தியைச் செய்தேன். தோள் அகலம், முன்கையில் நரம்பு, கொசுவம் வைத்துக் கட்டிய கண்டாங்கி, கண்ணில் தூசி படாமல் இருக்கக் கொஞ்சம் சுருக்கிய இமை. வலது கையில் சுத்தி, இடது கையில் உளி. பூவும் பொட்டும் வைத்தேன், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆறு வாரம் ஆயிற்று. செய்யச் செய்ய எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. உளியோடுதான் இவள் நிற்க வேண்டும் என்பது எனக்கு மானப் பிரச்சினை மாதிரி ஆகிவிட்டது. இந்தச் சிலையிலும் விளக்குத் தட்டைக் கொடுத்துவிட்டால், அவள் செய்த வேலைக்கு உலகத்தில் வேறு சாட்சியே இருக்காது.

இளவரசு வந்து பார்த்தார். முகம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கையைப் பார்த்தார். இது என்ன மேடம், ஆம்பளை வேலையை இவர்கள் கையில் கொடுத்துவிட்டீர்கள், எடுத்துவிட்டுத் தட்டை வையுங்கள் என்றார். நான் இருமலைச் சொன்னேன், தட்டியைச் சொன்னேன், காலையில் போய்ப் பொழுதோடு வருகிற சோற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, நீங்கள் சொல்கிற கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கோயிலில் கல்லிலேயே சடையப்பன் என்று பெயர் இருக்கிறது, உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை. என் அக்காதான் வீட்டுக்குப் பெரியவர்கள், ஒருநாள் வீட்டுக்கு வந்து அவர்களிடமே பேசுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அக்காவின் பெயர் சிவகாமசுந்தரி. ரிடையரான டீச்சர். அறுபத்தாறு வயது, ஒல்லி, விறைப்பு. சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். டீச்சர் என்னைவிடக் கறார். பூவாடைக்காரி கையில் ஆயுதம் இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று முதல் கவளத்திலேயே முடித்துவிட்டார். தம்பி தலையாட்டினார். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து பஸ் ஏறிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் அனுப்பிரியா பாயசம் கொண்டுவந்தாள். பேங்கிலிருந்து அரைநாள் லீவு போட்டு வந்திருந்த பெண். ஒரு கையில் செல்போன் இருந்ததால் இடது கையால் கரண்டியை எடுத்து என் இலையில் ஊற்றிவிட்டாள். டீச்சர் அவள் முழங்கையில் பட்டென்று ஒன்று போட்டார்.

"கைய மாத்துடி. மங்கலத்தம்மா கை அப்படியே வந்து ஒட்டிக்கினு இருக்குது பாரு."

என்ன கை என்று கேட்டேன். அது எங்கள் வீட்டுப் பேச்சு என்று இளவரசு சிரித்தார். மங்கலத்தம்மாவுக்கு எல்லாமே இடது கைதானாம். மாமியார் எவ்வளவு அடித்தும் மாறவில்லையாம். அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்தப் பிள்ளை இடது கையை நீட்டினாலும் 'மங்கலத்தம்மா கை' என்றுதான் திட்டுவார்கள். அவளைப் பற்றி ஐந்து தலைமுறை பத்திரமாகக் காப்பாற்றிவைத்திருப்பது அந்த ஒரு வசவைத்தான். இரண்டு தடவை அவர் என்னிடம் அவளைப் பற்றிப் பேசியபோதும் இது அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. நானும் என் பங்குக்கு, கேட்காமல் கொள்ளாமல் சுத்தியை அவள் வலது கையில் கொடுத்துவைத்திருந்தேன்.

பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். சடையப்பன் எந்தக் கை என்றேன். சோற்றுக் கைதான், அதில் என்ன சந்தேகம் என்றார்கள். உடனே அந்தத் தூண்களைப் பார்க்க வேண்டும் என்றேன். சாப்பிட்ட கை காய்வதற்குள் எதற்கு இந்த அவசரம் என்று முணுமுணுத்துக்கொண்டே இளவரசு காரை எடுத்தார். டீச்சரும் ஏறிக்கொண்டார்.

மண்டபத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். தூண்களின் முன்பக்கம் முழுக்க நீலப் பெயிண்ட். யாளிக்கு மஞ்சள் பல், அம்மனுக்கு ரோஸ் உதடு. நல்ல வேளையாக, சுவரைப் பார்த்திருக்கும் பின்பக்கத்தில் பெயிண்ட் அடிக்க யாருக்கும் பொறுமை இல்லை. அந்தப் பக்கத்தை மங்கலத்தின் காலத்திலும் யாரும் தேய்த்து வழவழப்பாக்கவில்லை. உளி விழுந்த கோடுகள் அப்படியே இருந்தன.

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வலதுகைக்காரன் சுத்தியை வலது கையிலும் உளியை இடது கையிலும் பிடிக்கிறான். உளி ஒரு பக்கம் சாய்கிறது, கோடுகளும் அந்தப் பக்கமே சாய்ந்து விழுகின்றன. இடதுகைக்காரன் அடித்தால் நேர்மாறாகச் சாயும். கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தி இடதுகைக்காரி. எங்கள் கற்களை ஒரே வரிசையில் வைத்தால் எது அவளுடையது என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

முதல் தூணில் 'பவ வருஷம்' என்று வெட்டியிருந்தது. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு. அதன் பின்பக்கம் முழுக்க வலது கைக் கோடுகள், சீராக, ஆழமாக. சடையப்பன் நல்ல வேலைக்காரன்தான், அதை மறுக்க மாட்டேன். இரண்டாவது தூணும் அப்படியே. மூன்றாவது தூணில் அடியிலிருந்து இடுப்புயரம் வரை அதே கை. அதற்கு மேல் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் கல். அங்கேதான் கண் போயிருக்க வேண்டும். அந்த ஒரு சாணுக்கு மேல் கோடுகள் மறுபக்கம் சாய்ந்து தொடங்கின.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாதித் தூண் ஒரு கத்துக்குட்டியின் வேலை. ஒரு கோடு ஆழம், அடுத்தது மேலோட்டம். சில இடத்தில் உளி வழுக்கிக் கீறியிருக்கிறது. ஒரு மூலை உடைந்து, அதைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டியிருக்கிறது. கல்தச்சர் வீட்டுப் பெண்கள் மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைத் தேய்க்கிற வேலையைத்தான் செய்வார்கள். ஒன்பது வருஷம் தேய்த்துத் தேய்த்து அவள் கைக்குக் கல் தெரிந்திருக்கும், உளி தெரிந்திருக்காது. பக்கத்தில் கண்ணில் துணி கட்டிக்கொண்டு புருஷன். வெளியே, வேலை நின்றால் வேறு ஆளைக் கூப்பிடக் காத்திருக்கும் ஊர். வீட்டில் நாலு வயதுப் பிள்ளை. அவளுக்கு இருபத்திரண்டு வயது. கீற்றுத் தட்டியை இழுத்துக் கட்டிவிட்டு உளியை எடுத்திருக்கிறாள்.

ஐந்தாவது தூணில் கை தேறியிருந்தது. ஏழாவதில் ஓடியது. ஒன்பதாவது தூணில் 'தாது வருஷம்' என்று இருந்தது. ஊரே பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த வருஷம். தெருவில் பாதி வீடு காலியாகிவிட்டது என்றும், கோயில் வேலைக்கு அளந்த நெல்லில்தான் தங்கள் குடும்பம் பிழைத்தது என்றும் இளவரசே காரில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த நெல்லைச் சம்பாதித்தது யார் கை என்பது இதோ அவர் கண்ணெதிரில் இருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் சடையப்பனின் முதல் தூணைவிட நல்ல வேலை. பதினைந்தில் கோடுகள் குட்டையாயின. பதினாறில் இன்னும் குட்டை, நாலு அடி, கொஞ்சம் வெறும் கல், மறுபடி நாலு அடி. மூச்சு வாங்கி மூச்சு வாங்கி அடித்திருக்கிறாள். இருமல் அப்போதே தொடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவள் பத்து வருஷம் இருந்திருக்கிறாள்.

ஒவ்வொரு தூணின் அடியிலும் 'சடையப்பன் பணி' என்று வெட்டியிருந்தது. பதினான்கு தூணில் அந்த எழுத்தும் மறுபக்கம் சாய்ந்த உளியில் விழுந்ததுதான். அவன் பெயரை அத்தனை தடவை செதுக்கியவளும் அவள்தான். ஒரு மூலையில் ஒரு புள்ளியாவது தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா. நான் தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

இளவரசுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தார். மூன்றாவது தூணில் விளக்கை நானே பிடித்துக்கொண்டு, அவர் விரலைப் பிடித்துக் கோடுகளின் மேல் வைத்தேன். கீழே ஒரு பக்கம், மேலே மறுபக்கம். வெகுநேரம் தடவிக்கொண்டே நின்றார். டீச்சர் தூணுக்குத் தூண் தனியாக நடந்துகொண்டிருந்தார். கடைசியில் இளவரசு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சரி மேடம். உளி சுத்தி இருக்கட்டும், நான் தப்பா பேசிட்டேன். ஆனா சுத்திய சோத்தாங்கையிலயே குடுத்துடுங்க. சாமி பீச்சாங்கையில ஓங்கிக்கினு நின்னா வூட்டுக்கு ஆவுமா?"

இவ்வளவு நேரம் எதைக் காட்டினேனோ அதையே எடுத்துவிடச் சொல்கிறார். வலது கையில் சுத்தியைக் கொடுத்தால் அது மங்கலம் இல்லை, புடவை கட்டிய சடையப்பன். அதை அப்படியே சொன்னேன். அவர் அசையவில்லை. மங்கல காரியத்துக்கு வைக்கிற சிலை, என் பெண் கல்யாணம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று வரிசையாகச் சொன்னார். நாலு பேர் அந்தத் தூணையே நூற்றைம்பது வருஷமாகப் பார்க்கவில்லை, சிலையின் கையையா பார்க்கப்போகிறார்கள் என்றேன். வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துக்கொள்ளுங்கள் என்றுகூட வாய்வரை வந்தது. வேறு யாராவது செய்தால் விளக்குத் தட்டோடு செய்வான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரம் சிலையைத் தொடவில்லை. ஈரத் துணியைச் சுற்றி மூலையில் வைத்துவிட்டு, நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவரின் அப்பா சிலைக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எந்தக் கையாக இருந்தால் என்ன என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு நான் காபி போடவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து டீச்சர் இறங்கி வந்தார். தனியாக. மேஸ்திரி எங்கே என்று கேட்காமல் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். துணியை எடுக்கச் சொன்னார். மங்கலத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். சுத்தியை இடது கைக்கு மாற்று என்றார். உங்கள் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். இடது கைப் புடவையை ஒதுக்கிக் காட்டினார். மணிக்கட்டுக்குக் கீழே, புறங்கையில், இரண்டு விரல் அகலத்துக்குப் பழைய தீத்தழும்பு.

"ஆறு வயசு எனக்கு. இட்லிய இந்தக் கையால எடுத்துட்டேன். எங்கம்மா கரண்டியக் காய வெச்சி இழுத்துட்டாங்க. மங்கலத்தம்மா கை நம்ம வூட்டுக்கு வேணாம்னு சொல்லிக்கினேதான் இழுத்தாங்க. அறுவது வருஷமா அது ஏதோ கெட்ட வார்த்தன்னு நெனச்சிக்கினு இருந்தேன் ஜான்சி. அனுவையும் அதையே சொல்லித்தான் அடிச்சி வளத்தேன்."

புடவைத் தலைப்பால் தழும்பை மூடிக்கொண்டார். அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது. முப்பத்தைந்து வருஷம் அந்த அம்மா வலது கையால் கரும்பலகையில் எழுதியிருக்கிறார். கையெழுத்து கோணல் என்று ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனிலும் திட்டு வாங்கினாராம். அந்தக் கோபத்தை எல்லாம் யார் மேல் காட்டுவது.

ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, என் சுத்தியை அவரிடம் கொடுத்தேன். எந்தக் கையில் வாங்குவது என்று ஒரு நொடி தயங்கினார். பிறகு இடது கையில் வாங்கினார். பிடித்த விதம் அவ்வளவு சரியாக இருந்தது. ஆறு வயதுக்குப் பிறகு அந்தக் கை ஒரு வேலையும் செய்ததில்லை, ஆனாலும் சுத்தியின் கனம் அதற்குத் தெரிந்தது. நாலு நாள் பஸ் பிடித்து வந்து மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பழைய கைகளை வெட்டி எடுத்துவிட்டு, அவர் கையைப் பார்த்துப் புதிதாகச் செய்தேன். விரல் மூட்டு, நரம்பு, எல்லாம் அவருடையது. தழும்பையும் வைத்தேன். அவரிடம் கேட்காமலேதான் வைத்தேன்.

தை மாதம் பத்தாம் தேதி, வெள்ளாற்றங்கரையில் படையல். ஷாமியானா, மேளம், முந்நூறு பேர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். சிலைக்குச் சிவப்புப் புடவை சுற்றி, முகத்தோடு கையையும் சேர்த்துத் துணியால் மூடியிருந்தார்கள். துணியை எடுத்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். கற்பூரத் தட்டோடு நின்ற இளவரசின் கண் நேராகக் கைக்குத்தான் போனது. முகம் சுண்டிவிட்டது. என் பக்கம் திரும்பினார். வருவது வரட்டும் என்று நானும் நிமிர்ந்து நின்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் குறுக்கே வந்து நின்றார்.

"நல்லா பாத்துட்டு அப்புறம் பேசு தம்பி. அது என் கை."

இளவரசு பார்த்தார். சிமெண்டுக் கையின் தழும்பைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார். அவர் நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர். எப்படி வந்தது என்பதும் அவருக்குத் தெரியும். தட்டில் கற்பூரம் எரிந்து பாதியாகிவிட்டது. ஐயர் இல்லாத படையல், அதனால் யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இலையில் முதல் பாயசத்தை வீட்டுக்குப் பெரியவர் ஊற்ற வேண்டும். டீச்சர் இடது கையில் கரண்டியை எடுத்து ஊற்றினார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அடுத்து வடையை வைக்க வந்த அனுப்பிரியா அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

நான் ஓரமாகப் போய் நின்றேன். அம்மன் கோயில் கமிட்டியில் இருக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். சிலை அமைப்பாக இருக்கிறது, உயிர் இருக்கிறது என்று மனதாரப் பாராட்டினார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சிற்பி வரலீங்களாம்மா?"

"அதோ நிக்கிறாங்களே" என்று மங்கலத்தைக் காட்டினேன்.

அவர் சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்டது எனக்குப் புரியவில்லை என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டிக்கொண்டே ஷாமியானாவுக்குள் போய், அங்கே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, வழக்கம்போலப் பதிலுக்குக் கும்பிட்டார்.